வெளிர் ஆரஞ்சும் அதன் அக்கம்பக்கமும்

மூன்று வாரமாக ஒரே நிறத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். திரையில் எந்த நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கலவை, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. என்னுடையது சிவப்பு 255, பச்சை 190, நீலம் 152. பீச் என்றும் சொல்லலாம், வெளிர் ஆரஞ்சு என்றும் சொல்லலாம். நிறங்களைத் தரப்படுத்தும் பான்டோன் நிறுவனம் 2024-ஆம் ஆண்டின் வண்ணமாக 'பீச் ஃபஸ்' என்று அறிவித்தது இதைத்தான். அந்த ஆண்டு எதைத் திறந்தாலும் இந்த நிறமாகவே இருந்ததில் எனக்குச் சலித்துப்போய், இனி இதைத் தொடுவதில்லை என்றுகூட முடிவு செய்திருந்தேன். இப்போது தோழி ஒருத்தி குழந்தைகளுக்கான ஒலிக்கதைச் செயலி ஒன்றைச் செய்கிறாள், வடிவமைப்பு என் பொறுப்பு. தூங்கப்போகும் நேரத்துக்குப் பொருத்தமாக எதைத் தேடினாலும் கடைசியில் இதிலேயே வந்து நின்றேன்.

முதல் நாளே சொதப்பல். இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து, இதமான ஆரஞ்சு ஒன்றைப் பிடித்துவிட்ட திருப்தியில் தூங்கப் போனேன். காலையில் திறந்தால் திரையில் ரோஜா நிறம் போல ஒன்று சிரிக்கிறது. மடிக்கணினியில் இரவுப் பயன்முறை தானாக இயங்கி, திரையின் நீலத்தைக் குறைத்திருக்கிறது. நான் பார்த்த ஆரஞ்சில் பாதி அந்த வடிகட்டியின் உபயம். அன்றைக்கு அதை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் மறுபடியும் தேர்ந்தெடுத்ததுதான் மேலே சொன்ன எண்கள்.

அடுத்து சாம்பல் நிறம். சின்ன எழுத்துக்கும் கோடுகளுக்கும் வழக்கம்போல 128, 128, 128 என்ற நடுநிலைச் சாம்பலைப் போட்டேன். பீச்சுக்குப் பக்கத்தில் வந்ததும் அது நீலம் பூசிக்கொண்டது. கோப்பில் ஏதோ தவறு என்று நினைத்து இரண்டு முறை எண்ணைச் சரிபார்த்தேன். எண் சரி, கண்தான் ஏமாற்றுகிறது. இதே மாதிரி ஒரு புகார் பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்துக்கும் வந்திருக்கிறது: கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று. சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் செவ்ரேல் சோதித்துப் பார்த்துவிட்டு, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்கள்தான் காரணம் என்று கண்டார். ஒரு நிறம் தன் எதிர் நிறத்தின் (நிறங்களை வட்டமாக அடுக்கிய நிறச் சக்கரத்தில் நேர் எதிரே இருப்பதன்) சாயலைப் பக்கத்து நிறத்தின் மேல் ஏற்றிவிடும். 1839-இல் அவர் இதை விரிவான நூலாகவே எழுதினார். என் பீச் செய்ததும் அதைத்தான். ஆரஞ்சுக்கு எதிர் நீலம், பாவம் சாம்பல் நடுவில் மாட்டிக்கொண்டது.

சரி, சாம்பலிலேயே கொஞ்சம் ஆரஞ்சைக் கலந்துவிடலாம் என்று 140, 132, 126 வைத்தேன். தனியாகப் பார்த்தால் அழுக்குப் பிடித்தாற்போல இருக்கும். பீச்சுக்கு அருகில் வைத்தால் அதுதான் நிஜமான சாம்பல். வெள்ளைக்கும் இதே கதி. சுத்த வெள்ளை ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி குளிர்ந்துபோய் நின்றது, 255, 248, 240-க்கு மாற்றியதும் அடங்கியது. பீச் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், வண்ணத் தட்டில் ஏற்கெனவே இருக்கிற வெள்ளையையும் சாம்பலையும் அப்படியே விட்டுவைக்க முடியாது. அவைதான் முதலில் மாற வேண்டும். ஜோடி நிறம் தேடுவதெல்லாம் அப்புறம்.

எழுத்துக்கு எந்த நிறம்? தோழிக்கு பீச் மேல் வெள்ளை எழுத்து வேண்டுமாம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் உள்ள ஒளி வேறுபாடு 1.6-க்கு 1. இணைய அணுகல்தன்மை விதிப்படி சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும். கறுப்பு போட்டால் படிக்கலாம், ஆனால் முரடாக இருந்தது. பழுப்பு என்று நாம் சொல்வதே இருண்ட ஆரஞ்சுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதே சாயலை வைத்துக்கொண்டு ஒளியை மட்டும் இறக்கிப் பூரிதத்தையும் (நிறத்தின் அடர்த்தியை) கொஞ்சம் குறைத்தேன்: 82, 42, 20. வேறுபாடு 7.7. ஒரே குடும்பம், சண்டையில்லை.

நிறச் சக்கரத்தில் பீச்சுக்கு நேர் எதிரே இருப்பது ஒருவகை நீலம். அதைப் பளிச்சென்று வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கத்தித் தோற்கடிக்கப் பார்க்கும். மங்கவைத்து 74, 104, 120 ஆக்கி, கதையை ஓடவிடும் பொத்தானில் மட்டும் வைத்தேன். சாம்பல் பச்சையையும் முயன்றேன், பீச் உடனே ரோஜா பக்கம் சாய்ந்தது. அறுபது, முப்பது, பத்து என்று நிறங்களைப் பங்கிடும் சூத்திரம் எனக்கு ஒத்துவரவில்லை. அறுபது சதவீதம் பீச் என்றால் ஐந்தாவது நிமிடமே திகட்டுகிறது. கால்வாசிக்கு மேல் கொடுக்கவில்லை.

படங்களில் இன்னொரு சிக்கல். மனிதத் தோல் வெளிர்ந்ததோ கருத்ததோ, பெரும்பாலும் ஆரஞ்சுச் சாயலைச் சேர்ந்தது. வெளிர்ந்த முகங்கள் பின்னணியில் கரைந்து, கண்ணும் வாயும் மட்டும் மிதந்தன. கிரேயோலா நிறுவனம் 'சதை நிறம்' என்று விற்றுவந்த மெழுகு வண்ணக்குச்சிக்கு 1962-இல் 'பீச்' என்று பெயர் மாற்றியது. ஒரே ஒரு தோலைச் சதை நிறம் என்று சொன்னதே தப்பு, அது தனிக் கதை. நான் முகங்களுக்குப் பின்னால் வெள்ளைக்குப் பதில் வைத்த அந்த 255, 248, 240 கிரீம் நிறத்தைக் கொண்டுவந்து, பழுப்பில் மெல்லிய கோடு வரைந்து சமாளித்தேன்.

எல்லாம் முடிந்தது என்று அனுப்பிவைத்தேன். தோழி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "தூங்குற நேரத்துல எல்லார் போன்லயும் அந்த மஞ்சள் வடிகட்டி ஓடிக்கிட்டு இருக்குமே?"

அட ஆமாம். முதல் நாள் நான் அவசரமாக அணைத்து வைத்ததுதான் இந்தச் செயலியின் உண்மையான வெளிச்சம். மறுபடி அதைப் போட்டுப் பார்த்தேன். கிரீமையும் பீச்சையும் பெரிதும் பிரித்துக்காட்டுவது நீலத்தின் அளவு, 240-க்கும் 152-க்கும் உள்ள தூரம். நீலத்தைக் குறைத்ததும் இரண்டும் நெருங்கி வந்துவிட்டன. அத்தனை பாடுபட்டு மங்கவைத்த பொத்தானோ வெறும் சாம்பலாகிவிட்டது. இன்றைக்கு அதைச் சுற்றிப் பழுப்பில் தடித்த விளிம்பு ஒன்று போட்டிருக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு, வடிகட்டியோடும் இல்லாமலும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.