பி 0455: பிக்கப் வண்டியின் பெட்ரோல் ஆவிக் கசிவை வீட்டிலேயே தேடிப் பிடித்த அனுபவம்

செக் எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வண்டி ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. இழுவை அப்படியே இருந்தது, மைலேஜும் குறையவில்லை. கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் பி 0455 என்ற கோளாறுக் குறியீடு (கோடு, code), அதாவது பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் அமைப்பில் பெரிய கசிவு. "வண்டி ஓடுதுல்ல, விடு" என்று பலரும் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. விளக்கு எரிந்தபடியே இருந்தால் நாளைக்கு மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) மாதிரி பெரிய கோளாறு வந்தாலும் நமக்குத் தெரியாது. அது போக, டேங்கிலிருந்து வெளியேறும் ஆவி வெயிலில் மற்ற புகைகளோடு சேர்ந்து ஓசோனாக மாறி, நாம் மூச்சு விடும் காற்றைத்தான் கெடுக்கிறது.

இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்ட பிறகுதான் ஸ்பானரைத் தொட்டேன். டேங்கில் எழும் ஆவி ஒரு கரி டப்பாவுக்குப் போய் அந்தக் கரியில் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் சூடானதும் பர்ஜ் வால்வு திறந்து, இன்டேக்கின் (எஞ்சினுக்குள் காற்று போகும் வழி) உறிஞ்சலால் அந்த ஆவியை இழுத்து எரித்துவிடுகிறது. அப்போது கரி டப்பாவுக்குள் வெளிக்காற்று வர இன்னொரு வால்வு உண்டு, வென்ட் வால்வு. பர்ஜ் வால்வு கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும், வென்ட் வால்வு கரண்ட் இல்லாதபோது திறந்திருக்கும். இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கசிவு இருக்கிறதா என்று பார்க்க, எஞ்சின் கம்ப்யூட்டர் வென்ட்டை மூடி, பர்ஜைத் திறந்து டேங்கில் லேசான வெற்றிடம் உண்டாக்கி, பிறகு பர்ஜையும் மூடிவிட்டு அந்த வெற்றிடம் நிற்கிறதா என்று கவனிக்கிறது (சில புது வண்டிகளில் எஞ்சினை அணைத்த பிறகு வேறு விதமாகச் சோதிப்பதும் உண்டு). நிற்கவில்லை என்றால் கோடு வரும். ஆக, கோடு சொல்வது கசிவின் அளவை மட்டும்தான். எந்தப் பாகம் கெட்டது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் டேங்க் மூடி. ரப்பர் வளையம் வெடித்திருந்ததால் புதுசு போட்டேன், ஸ்கேனரில் அந்தக் கோடை அழித்தேன், நான்கு நாளில் அதே கோடு திரும்பி வந்தது. சரி, அடுத்தது பர்ஜ் வால்வு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கரி டப்பாவிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வைத்தேன். அந்த நேரத்தில் உறிஞ்சல் இருக்கக் கூடாது, இருக்கவும் இல்லை. பிறகு வால்வைக் கழற்றி வண்டியை விட்டுத் தள்ளி மேசைக்குக் கொண்டுபோய் (பெட்ரோல் வாசனை இருக்கும் இடத்தில் பேட்டரி வயரைத் தொட்டுப் பார்க்கவே கூடாது) 12 வோல்ட் கொடுத்தேன். டக்கென்று சத்தம் வந்தது, காற்றும் போனது. நிறுத்தினால் இறுக்கமாக மூடிக்கொண்டது. இதில் பழுது இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகவே பெட்ரோல் போடும்போது டேங்க் நிறைவதற்கு முன்பே நாசில் டக் டக்கென்று நின்றுகொண்டிருந்தது. பம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டேன். டேங்கில் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும், அது வெளியேறும் வழியே வென்ட் வால்வுதான். அந்த வழி அடைத்தால் நாசில் நிற்கும். கசிவுக் கோடும் நாசில் நிற்பதும் ஒரே வால்வைக் காட்டுகிறதே என்று அப்போதுதான் பொறி தட்டியது.

என் வண்டியில் வென்ட் வால்வு ஸ்டெப்னி டயருக்கு மேலே, சேசிஸ் ஓரத்தில் இருக்கிறது. பின் டயர் வாரி அடிக்கும் தூசியும் சேறும் நேராக அங்கேதான் போய் விழும். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி (வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே வேண்டாம்), கனெக்டரைக் கழற்றி வோல்டேஜ் பார்த்தேன். சாவியைப் போட்டதும் ஒரு வயரில் 12 வோல்ட் வந்தது, ஆக கரண்ட் வரும் வயர் சரி. வால்வுக்குக் கரண்ட் கொடுத்தால் சத்தமும் நன்றாகவே கேட்டது. சத்தம் கேட்டதும் வால்வு நல்லது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. அளவு காட்டும் முள் வைத்த கை வாக்குவம் பம்பை (கையால் வெற்றிடம் உண்டாக்கும் பம்ப்) மாட்டி மூடிய நிலையில் இழுத்துப் பார்த்தேன். முள் ஏறிய வேகத்திலேயே சரசரவென்று இறங்கியது. வால்வு அசைகிறது, ஆனால் அடைக்கவில்லை.

பிரித்துப் பார்த்தேன். உள்ளே மாவு போல நுண்ணிய மண், ஈரம் பட்டுப் பட்டுக் காய்ந்து பசை மாதிரி ஒட்டியிருந்தது. ரப்பர் சீலின் விளிம்பில் கடுகளவு மணல் துகள் ஒன்று அழுந்திக் கிடந்தது. அதை ஊசியால் எடுத்த பிறகும் அந்த இடத்தில் பள்ளம் அப்படியே இருந்தது. கழுவி, காய வைத்து மறுபடி சோதித்தபோது முள் மெதுவாக இறங்கியது, ஆனாலும் இறங்கியது. பள்ளம் விழுந்த ரப்பரை நம்புவதில் அர்த்தம் இல்லை, புது வால்வே வாங்கிவிட்டேன். அப்புறம் அதன் காற்று உறிஞ்சும் வாயை ஒரு ஹோஸ் போட்டு, தூசி எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய், நுனியில் சின்ன ஃபில்டர் ஒன்று வைத்தேன். ஹோஸ் எங்கேயும் மடங்காமல், தண்ணீர் தேங்கும் வளைவு இல்லாமல் பார்த்துக்கொண்டேன். பாகத்தை மாற்றியதை விட இந்த வேலைதான் முக்கியம் என்பது என் எண்ணம், இல்லாவிட்டால் புது வால்வுக்கும் இதே கதிதான்.

பி 0455 போயே போய்விட்டது. பத்து நாள் கழித்து பி 0442 வந்தது, சின்னக் கசிவு. இந்தக் கோடு சுமார் 1 மில்லிமீட்டர் ஓட்டைக்கு வருவது, பி 0456 என்றால் அதிலும் பாதி. இவ்வளவு நாள் பெரிய கசிவு சின்னதை மறைத்து வைத்திருந்திருக்கிறது. இந்த அளவு ஓட்டையைக் கண்ணால் தேடுவது வீண் வேலை என்று தெரிந்ததால், நண்பரிடமிருந்து புகை இயந்திரம் வாங்கி வந்தேன். குழாய்களுக்குள் புகையை விட்டு, அது எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பதற்கானது இது. இதில் அழுத்தம் 0.5 பிஎஸ்ஐ அளவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நல்லதாக இருக்கும் சீலும் போய்விடும். வீட்டில் கிடைப்பதை வைத்துப் புகைப் பெட்டி செய்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் சூடான கம்பியைப் பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் கொண்டுபோவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஸ்கேனர் வழியாக வென்ட்டை மூடச் சொல்லிவிட்டுப் புகையை விட்டேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை, டேங்கும் குழாய்களும் நிறைய அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, பெட்ரோல் ஊற்றும் குழாயை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னாலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு மெல்லிய இழை எழும்பியது.

மறைப்பைக் கழற்றினால், உள்ளே அடைந்த சேற்றில் ஈரம் தங்கிக் குழாய் துருப்பிடித்து, கிளாம்புக்குப் பக்கத்தில் இரண்டு ஊசித் துளைகள். எம்சீல் வைத்து அடைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். துரு அதோடு நிற்காது. டேங்கில் பெட்ரோல் பாதிக்குக் கீழே வரும் வரை ஓட்டி, துருப்பிடித்த திருகுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் தெளித்து ஊற விட்டு, மறுநாள் புதுக் குழாயும் புது கிளாம்புகளும் போட்டேன். குழாயிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் வயரை மறக்காமல் மாட்ட வேண்டும், பெட்ரோல் ஊற்றும்போது சேரும் நிலைமின்சாரம் இறங்குவது அது வழியாகத்தான்.

மறுபடி புகை விட்டேன், எங்கேயும் வரவில்லை. கோடை அழித்ததும் இந்தச் சோதனை உடனே ஓடிவிடாது. டேங்க் ஏறக்குறைய 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வண்டி இரவு முழுக்க நின்று எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஆறாவது நாள் காலையில் ஸ்கேனரில் ஆவி அமைப்புக்கு நேரே 'தயார்' (சோதனை ஓடி முடிந்தது) என்று வந்தது, கோடு எதுவும் இல்லை. அன்றைக்குப் பெட்ரோல் போட்டேன். நாசில் டேங்க் நிறையும் வரை ஒரு முறை கூட நிற்கவில்லை. நின்ற பிறகு ஒரு சொட்டும் கூடுதலாக ஊற்றவில்லை, அப்படி ஊற்றுவது நேராகக் கரி டப்பாவை நனைத்துக் கெடுத்துவிடும்.