பேரலல் கம்பைலர் பாடம்: லூப்பை விரித்து எழுதிப் படித்த கதை

நிரலைப் பல பிராசசரில் ஒரே நேரத்தில் ஓடும்படி மாற்றித்தருவதுதான் பேரலல் கம்பைலர். அந்தப் பாடத்தின் முதல் இன்டர்னல் தேர்வில் எனக்கு 50-க்கு 14 மதிப்பெண். வரையறைகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருந்தேன். கேள்வித்தாளிலோ ஐந்து லூப்பை, அதாவது ஒரே வரிகளைச் சுற்றுச் சுற்றாகத் திரும்பச் செய்யும் நிரல் துண்டுகளைக் கொடுத்து, எதையெல்லாம் பேரலலாக (எல்லாச் சுற்றையும் ஒரே நேரத்தில்) ஓட்டலாம் என்று கேட்டிருந்தார்கள். இந்தப் பாடத்தை இப்போது எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் தினமும் கல்லூரிக்குப் போய்வருவேன். கல்லிடைக்குறிச்சி தாண்டினால் ஜன்னலுக்கு வெளியே வயல்தான். அது பிசான நடவு நேரம். பெண்கள் வரிசையாக நின்று நட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. தண்ணீர் அப்படி இல்லை. மேல்வயல் நிறைந்து மடை வழியாக இறங்கினால்தான் கீழ்வயலுக்கு வரும். டிபெண்டென்ஸ், அதாவது ஒரு சுற்று இன்னொரு சுற்றைச் சார்ந்திருப்பது என்றால் என்னவென்று எனக்குப் பிடிபட்டது அங்கேதான்.

ஏ[ஐ] = ஏ[ஐ-1] + பி[ஐ] என்ற லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, பி இரண்டும் அர்ரே, அதாவது எண்களின் வரிசை; ஐ என்பது சுற்றின் எண். ஐ-க்கு 2, 3, 4 போட்டு மூன்று வரி எழுதுங்கள். ஏ[2] எழுதப்படும் இடத்திலிருந்து அது படிக்கப்படும் இடத்துக்கு ஓர் அம்பு போடுங்கள். முன் சுற்று எழுதியதை அடுத்த சுற்று படிக்கிறது. இது ஃப்ளோ டிபெண்டென்ஸ், மடைத் தண்ணீர் கணக்கு. இருக்கிறபடியே பிரித்து ஓட்ட முடியாது. இப்போது ஏ[ஐ-1]-ஐ ஏ[ஐ+1] ஆக்குங்கள். பழைய மதிப்பை ஒரு சுற்று படித்த பிறகுதான் அடுத்த சுற்று அதன்மேல் எழுதுகிறது. இது ஆன்டி டிபெண்டென்ஸ். பழைய ஏ-வை வேறு அர்ரேயில் நகலெடுத்து அதிலிருந்து படித்தால், எல்லாச் சுற்றும் ஒரே நேரத்தில் ஓடலாம்.

அப்புறம், டிபெண்டென்ஸ் இருக்க வாய்ப்புண்டா என்று மீப்பெரு பொது வகுத்தியை வைத்துப் பார்க்கும் ஜிசிடி டெஸ்ட். ஏ[2ஐ]-இல் எழுதி ஏ[2ஐ+1]-இல் படித்தால், ஐ-யைப் பெருக்கும் 2, 2 இரண்டின் ஜிசிடி 2. கூட்டும் எண்களின் வித்தியாசம் 1; ஜிசிடி அந்த 1-ஐ வகுக்காது, ஆகவே டிபெண்டென்ஸ் கிடையாது. வகுத்துவிட்டால் டிபெண்டென்ஸ் நிச்சயம் என்று எழுதிவிடாதீர்கள். இந்தச் சோதனை லூப்பின் எல்லையைப் பார்ப்பதில்லை. 'இருக்கலாம்' என்பதே சரியான விடை. நிறையப் பேருக்கு மதிப்பெண் போவது இங்கேதான்.

பேரலலாக ஓட்டினால் வேகம் அதிகபட்சம் எவ்வளவு கூடும் என்று சொல்லும் ஆம்டால் விதி ஒரு மாலை வேலைதான். நிரலில் 90 சதவீதம் பேரலல், 8 பிராசசர் என்றால் வேகம் சுமார் 4.7 மடங்கு, எத்தனை பிராசசர் சேர்த்தாலும் 10 மடங்கைத் தாண்டாது. இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

லேபை மட்டும் விட்டுவிடாதீர்கள். பேரலல் நிரல் எழுத உதவும் ஓப்பன்எம்பி-யில் ஓர் அர்ரேயின் கூட்டுத்தொகை கண்டேன். ஓட்டும் ஒவ்வொரு முறையும் வேறு விடை. எல்லா த்ரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் நிரலின் கிளைகள்) ஒரே மாறியில் எழுதிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு த்ரெட்டும் தனியாகக் கூட்டிக் கடைசியில் சேர்க்கவைக்கும் ரிடக்‌ஷன் என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் சரியானது. ரேஸ் கண்டிஷன் என்றால் என்னவென்று அதற்குப் பிறகு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தேர்வில் அம்புப் படத்தை ரஃப் பக்கத்தில் போடாமல் விடைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். செமஸ்டரில் ஒரு லூப்பில் முடிவைத் தப்பாக எழுதியும், படம் சரியாக இருந்ததால் அந்தக் கேள்விக்குப் பாதிக்கு மேல் கிடைத்தது.