சுத்தம் பண்ண கழட்டுன மடக்கு கத்தியும், கெட்டுப்போன பிவட்டும்

எட்டு வருஷமா என்கூடவே இருக்குற மடக்கு கத்தி அது. பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, பென்சில் சீவ, பழம் நறுக்கன்னு எல்லாத்துக்கும் அதுதான். கொஞ்ச நாளா திறக்கும்போது கரகரன்னு ஒரு சத்தம், பாதி தூரம் வந்து லேசா மாட்டுற மாதிரி ஒரு உணர்வு. பழச்சாறு காஞ்சு, மண்ணும் பாக்கெட் பஞ்சும் சேர்ந்து உள்ள பசை மாதிரி ஆகியிருக்கும்னு தெரியும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தேன், ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு, அப்புறம் எண்ணெயே இன்னும் அழுக்க இழுத்து வெச்சுக்கிச்சு. சரி, முழுசா கழட்டி கழுவிடலாம்னு உக்காந்தேன், அங்கதான் பிரச்சனை ஆரம்பம்.

பிவட் எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல சொல்லிடுறேன், இது தெரியாம கழட்டவே கூடாதுன்னு இப்ப நினைக்கிறேன். பிளேடு சுத்துற அச்சுதான் பிவட். பெரும்பாலான கத்தில அது ரெண்டு துண்டா இருக்கும். ஒண்ணு உள்ள மரை வெட்டுன ஒரு குட்டி உருளை, இன்னொண்ணு எதிர்பக்கத்துலேர்ந்து அதுக்குள்ள ஏறுற ஸ்க்ரூ. ஸ்க்ரூவ திருப்பும்போது உருளையும் சேர்ந்து சுத்திடக் கூடாதுன்னு நிறைய கம்பெனிக்காரங்க உருளையோட ஒரு பக்கத்த தட்டையா சீவியிருப்பாங்க, அது உக்கார்ற ஓட்டையும் அதே மாதிரி ஒரு பக்கம் தட்டையா இருக்கும். பிளேடுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வாஷர், என் கத்தில பாஸ்பர் பிரான்ஸ்ங்கற வெண்கல ரக உலோக வாஷர், சிலதுல டெப்லான்ங்கற வழவழ பிளாஸ்டிக், சிலதுல பேரிங். அவ்ளோதான் மொத்த மெஷினும். ஆனா பிளேடு நடுவுல நிக்கிறதா, ஆட்டம் இல்லாம இருக்குறதா, ஒத்த விரல்ல திறக்குறதா, எல்லாமே இந்த ரெண்டு துண்டும் ஒண்ண ஒண்ணு எவ்ளோ இறுக்கிப் பிடிச்சிருக்குங்கறதுலதான் இருக்கு.

நான் பண்ண முதல் தப்பு பிட், அதாவது திருப்புளியோட முனை. பிவட் ஸ்க்ரூ டார்க்ஸ் 8, தலையில ஆறு முனை நட்சத்திரக் குழி இருக்குற ரகம். கைக்கு கிடைச்சது டார்க்ஸ் 7, உள்ள போச்சு, லேசா ஆடுச்சு, பரவாயில்லன்னு விட்டுட்டேன். 8 வந்து சுமார் 2.3 மில்லிமீட்டர், 7 சுமார் 2 மில்லிமீட்டர். அந்த 0.3 மில்லிமீட்டர் வித்தியாசத்துல நட்சத்திரத்தோட ஆறு இதழும் பக்கவாட்டுல முழுசா பிடிக்காம மூலையில மட்டும் அழுத்துது. அதுக்கு மேல ஸ்க்ரூ தானா கழண்டுடாம இருக்க கம்பெனியில போட்ட மரை ஒட்டுப் பசை வேற. ஒரு திருப்பு, அசையல. இன்னும் அழுத்தி ஒரு திருப்பு, நறுக்குன்னு ஒரு சத்தம் வந்து பிட் வழுக்கிடுச்சு. வெளிய எடுத்து பார்த்தா நட்சத்திரம் பாதி உருண்டையா தேஞ்சு போயிருந்துச்சு.

அங்கயே நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. சரியான 8 பிட்ட தேடி எடுத்து, ஒரு சின்ன சுத்தியால தட்டி உள்ள இறக்கி, ரெண்டு கையாலயும் பலம் குடுத்து திருப்புனேன், இந்த தடவை திரும்புச்சு. சந்தோஷமா திருப்பிக்கிட்டே இருக்கேன், நாலு சுத்து ஆச்சு, அஞ்சு சுத்து ஆச்சு, ஸ்க்ரூ ஒரு நூல் அளவு கூட மேல வரல. கத்திய திருப்பி பார்த்தா அந்தப் பக்கம் உருளையோட வழவழப்பான தலையும் சேர்ந்து சுத்திக்கிட்டிருக்கு. தட்டையா இருந்த பக்கத்தோட மூலைய நானே சிதைச்சிட்டேன். அந்த நேரம் வயிறு கலங்குனது இன்னும் ஞாபகம் இருக்கு, இவ்ளோ நாள் கூட இருந்த பொருள் இல்லையா.

ரெண்டு நாள் அத தொடவே இல்ல. அதுதான் நான் பண்ண நல்ல காரியம்.

அந்த ரெண்டு நாள்ல புரிஞ்சுக்கிட்ட விஷயம் ஒண்ணு. மரை ஒட்டுப் பசைக்கு எதிரி பலம் இல்ல, சூடு. அந்தப் பசை காத்து இல்லாத இடத்துல, உலோகம் தொட்டுக்கிட்டு இருந்தா கெட்டியாகுற ரகம், அதனாலதான் பாட்டில்ல காத்தோட இருக்கும்போது தண்ணியாவே இருக்கு, மரைக்குள்ள போனதும் கல்லாகுது. லாக்டைட் கம்பெனி பசையில நீல கலர் 242, 243 மாதிரி ரகம் சாதாரண கருவிலயே கழண்டுடும், ஆனா சின்ன ஸ்க்ரூவுல அளவுக்கு மேல ஊத்தியிருந்தா அதுவே போதும் நட்சத்திரத்த தேய்க்க. சிவப்பு ரகம்னா 250 டிகிரி செல்சியஸ் வாக்குல சூடு காட்டாம வரவே வராது.

அதனால சால்டரிங் அயன எடுத்தேன். முனைய நல்லா சூடாக்கி ஸ்க்ரூ தலை மேல மட்டும் ஒரு நிமிஷம் வெச்சேன். பிளேடு மேல படவே கூடாது, பிளேடோட பதம் அதிக சூட்டுல இறங்கிடும். டெப்லான் இல்லன்னா நைலான் வாஷர் இருக்குற கத்தியா இருந்தா இன்னும் ஜாக்கிரதை, கொஞ்ச நேரம் வெச்சு எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி வெச்சுன்னு பண்ணணும். கைப்பிடி பிளாஸ்டிக்னா அதுவும் உருகும்.

உருளை சுத்தாம பிடிக்கிறது அடுத்த கஷ்டம். அந்தப் பக்கம் வழவழ தலை, பிடிக்க ஒண்ணுமே இல்ல. சிலர் குறடால பிடிப்பாங்க, தலை முழுக்க பல் பதிஞ்சிடும், அத நான் பண்ணல. ஒரு பழைய டியூப் துண்ட மேஜை மேல விரிச்சு, உருளையோட தலை ரப்பர் மேல படுற மாதிரி கத்திய கவுத்து வெச்சு, மேலேர்ந்து உடம்பு எடைய போட்டு அழுத்துனேன். ரப்பர் உருளைய பிடிச்சுக்கிச்சு. ஆனா நட்சத்திரம் ஏற்கனவே போயிடுச்சே, அதனால ஸ்க்ரூ தலையில சின்ன கட்டிங் டிஸ்க் வெச்சு நேரா ஒரு கோடு வெட்டி தட்டை திருப்புளிக்கு இடம் பண்ணேன். வெட்டுறதுக்கு முன்னாடி பிளேடு முனையையும் கைப்பிடியையும் டேப் போட்டு மூடுனேன், கண்ணாடி போட்டுக்கிட்டேன். ஆழமா வெட்டக் கூடாது, தலை ரெண்டா பிளந்துடும், திருப்புளி முனை உக்கார்ற அளவு போதும். மறுபடி ஒரு நிமிஷம் சூடு, திருப்புளி, மெதுவா ஒரே சீரா ஒரு திருப்பு. டிக்னு ஒரு சின்ன சத்தம், அப்புறம் வெண்ணெய் மாதிரி வந்துச்சு.

ஆனா பிளேடு வரல. உருளையோட ஓரத்துல, நான் சுத்தும்போது நசுங்குன இடத்துல ஒரு பிசிறு எழும்பியிருந்துச்சு, அது பிளேடு ஓட்டைக்குள்ள மாட்டிக்கிச்சு. இங்க சுத்தியால தட்டுனா பிளேடு ஓட்டையும் கீறும். ஒரு மர குச்சிய உருளை மேல வெச்சு, பிளேட லேசா இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே தள்ளுனேன், கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துச்சு. வெளிச்சத்துல திருப்பி பார்த்தா பிசிறு கண்ணுக்கே சரியா தெரியல, நகத்த வெச்சு இழுத்தாதான் டக்குன்னு மாட்டுது. வாஷர் ஒண்ணுல அதே பிசிறு போட்ட மெல்லிசான வளையக் கோடு, அத சுத்தி எட்டு வருஷ அழுக்கு கருப்பா.

பிசிறு எடுக்க அரம் வேண்டாம், அது அளவையே குறைச்சிடும். சாணைக் கல்லுல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அந்த ஓரத்த மட்டும் ஏழெட்டு தடவை தடவுனேன், நகம் மாட்டாத வரைக்கும். உருளையோட முனைய, அதாவது நீளத்த, தொடவே இல்ல. நிறைய கத்தில அந்த நீளம்தான் ரெண்டு கைப்பிடிக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு முடிவு பண்ணுது, அத குறைச்சா ஸ்க்ரூவ டைட் பண்ணும்போது பிளேடு இறுகிப் போயி அசையவே அசையாது. வாஷர ஆயிரம் நம்பர் உப்புத்தாள்ல, தட்டை கண்ணாடி மேல வெச்சு, லேசா தேச்சேன்.

தட்டை ஓட்டைக்கு என்ன பண்றதுன்னுதான் ரொம்ப யோசிச்சேன். பசை ஊத்தி உருளைய நிரந்தரமா ஒட்டிடலாம், ஆனா அடுத்த தடவை கழட்டவே முடியாது, அது எனக்கு பிடிக்கல. கைப்பிடி தகட்ட பிரிச்சா உள்ள லைனர்னு ஒரு உலோகத் தகடு, அதோட வெளிப்பக்கத்துல ஓட்டையோட தட்டை ஓரத்துக்கு ரொம்ப பக்கத்துல சென்டர் பஞ்ச், அதாவது புள்ளி குத்துற கூர் முனை கருவி, வெச்சு ரெண்டு புள்ளி தட்டுனேன். புள்ளி விழுந்த இடத்துல உலோகம் ஓட்டை பக்கமா தள்ளிக்கிட்டு வரும், தேஞ்ச இடைவெளி மூடிடும். வாஷர் படுற உள்பக்கத்துல இத பண்ணக் கூடாது, மேடு வந்துடும். மெதுவா தட்டி, உருளைய வெச்சு பார்த்து, மறுபடி தட்டின்னு நாலு தடவை. அஞ்சாவது தடவை உருளை கட்டை விரலால அழுத்துனாதான் இறங்குது, திருப்புனா அசையல.

ஸ்க்ரூ புதுசு வேணும். வெர்னியர் அளவுகோல்ல அளந்தேன், எம்3, அதாவது 3 மில்லிமீட்டர் தடிமன், மரை இடைவெளி 0.5 மில்லிமீட்டர். தலை சைஸ் சரியா வரணும், அதைவிட முக்கியம் நீளம். ஒரு மில்லிமீட்டர் அதிகமா இருந்தா அது உருளையோட அடியில போயி முட்டும், கைக்கு நல்லா டைட்டான மாதிரி இருக்கும், பிளேடு மட்டும் ஆடிக்கிட்டே இருக்கும்.

எல்லாத்தையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல கழுவி காய வெச்சேன், மரையில எண்ணெய் இருந்தா பசை சரியா பிடிக்காது. நீல பசைய பல் குத்துற குச்சி முனையில தொட்டு ஸ்க்ரூவோட நுனி மரையில மட்டும் தடவுனேன், அதிகமா போனா வழிஞ்சு வாஷர் வரைக்கும் வந்து பிளேடையே ஒட்டிடும். பிளேடு கட்டியா நிக்கிற வரைக்கும் டைட் பண்ணி, அப்புறம் அரைக்கால் சுத்துக்கும் கம்மியா லூஸ் விட்டேன். பக்கவாட்டுல ஆட்டி பார்த்தேன், ஆட்டம் இல்ல. மூடி பார்த்தேன், ரெண்டு லைனருக்கும் நடுவுல நிக்குது. பசை இறுகுறதுக்குள்ள இந்த அட்ஜஸ்ட் எல்லாம் முடிச்சிடணும், அதுக்கப்புறம் 24 மணி நேரம் தொடக் கூடாது.

மறுநாள் சாயங்காலம் திறந்தேன். கரகர இல்ல, மாட்டல, லாக்க தள்ளுனா பிளேடு தன் எடையிலயே பாதி தூரம் இறங்குது, அதனால விரல தள்ளி வெச்சுதான் மூடணும் இப்ப. கோடு வெட்டுன பழைய ஸ்க்ரூவ தூக்கிப் போடல, டார்க்ஸ் 8 பிட் இருக்குற டப்பாலயே போட்டு வெச்சிருக்கேன்.