மகனின் மூக்கில் ரத்தம்: என் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

நடு இரவில் கூப்பிட்டான். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தலையணை உறையெல்லாம் ரத்தம். பத்து நாளில் இது மூன்றாவது முறை. தலையை அண்ணாந்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். சில்லுமூக்கு உடைந்தால் சின்ன வயதில் எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் கருஞ்சிவப்பாக வாந்தி எடுத்தான். பயத்தில் எனக்குக் கைகால் ஓடவில்லை.

பிப்ரவரி 4

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். வாந்தியில் வந்தது அவன் விழுங்கிய ரத்தம்தானாம். அண்ணாந்தால் ரத்தம் நிற்காது, தொண்டைக்குள் இறங்கிவிடும். நான் செய்தது தப்பு.

இரண்டு துவாரங்களுக்கும் நடுவே இருக்கும் சுவரின் முன்பகுதியில் மெல்லிய ரத்தக்குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அங்கிருந்துதான் ரத்தம் வருகிறது. காற்று வறண்டாலோ, சளி பிடித்தாலோ, விரலால் நோண்டினாலோ போதும், அந்த இடம் வெடித்துவிடும். ஆறு வயதில் நோண்டாத பிள்ளை எங்கே இருக்கிறது!

நிறையக் கேள்வி கேட்டார். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா? அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டு தெரிகிறதா? குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைவதில் கோளாறு உண்டா? காய்ச்சலுக்கு ஐப்யூபுரூஃபன் கொடுத்தீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். ஒன்றுக்காவது ஆமாம் என்றிருந்தால் ரத்தப் பரிசோதனை எழுதியிருப்பாராம்.

பிப்ரவரி 9

சாயங்காலம் மறுபடியும் வந்தது. இந்த முறை உட்கார வைத்து, தலையை முன்னால் குனியச் சொன்னேன். மூக்கில் எலும்பு முடிந்து மெத்தென்று இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்திப் பிடித்தேன். வாயால் மூச்சு விடச் சொன்னேன், வாய்க்கு வந்ததைத் துப்பச் சொன்னேன்.

பத்து நிமிடம் கையை எடுக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். இரண்டாவது நிமிடத்திலேயே ‘நின்றுவிட்டதா, பார்ப்போமா’ என்று மனசு அடித்துக்கொள்கிறது. எடுத்துப் பார்த்தால் உறைய ஆரம்பித்த ரத்தம் கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தபடி அவனுக்கு ஒரு கதை சொன்னேன். முடித்துக் கையை எடுத்தபோது நின்றிருந்தது.

அரை மணி நேரம் பிடித்தும் நிற்கவில்லை என்றாலும், மயக்கமோ முகம் வெளுப்போ தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவிட்டேன்.

பிப்ரவரி 16

நகம் வெட்டியாயிற்று. காலையிலும் படுக்கும்முன்பும் மூக்கின் உள்விளிம்பில் வாஸ்லின் தடவுகிறேன். கூசுகிறது என்று நெளிகிறான். வேகமாக மூக்கைச் சிந்தவும் விடுவதில்லை.

மார்ச் 2

மூன்று வாரமாக ஒன்றும் இல்லை. இன்று வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொன்னேன்: அண்ணாந்து படுக்க வைக்காதீர்கள், பஞ்சு திணிக்காதீர்கள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவனே தன் மூக்கைப் பிடித்துக் காட்டினான்.