பிள்ளையோட ஆர் நிக்கிற?

ஜனவரி 9
காய்ச்சல் மூன்றாம் நாள். பனடோலுக்கு இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது.

ஜனவரி 10
டெங்குதான். வார்டில் போட்டாச்சு. தாய் எங்கே என்று கேட்டார்கள், குவைத்தில் என்றேன். அப்ப அம்மம்மாவ வரச்சொல்லுங்க, இரவில ஆம்பிளையள் நிக்க ஏலாது என்றார்கள். சுற்றிவர தாய்மார் பால் கொடுக்கிறார்கள், படுக்கிறார்கள், அவர்களுக்கு மறைவு வேண்டும், அது நியாயம். ஆனால் தாய் போனதிலிருந்து சின்னவன் என் கையால்தான் தின்கிறான், என் பக்கத்தில்தான் படுக்கிறான். முழங்கால் ஏலாத, சீனி வருத்தக்கார மாமியைக் களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து கதிரையில் இருத்திவிட்டு வெளியே வந்தேன். ஒரு மூலையும் ஒரு திரையும் போதுமே ஒரு தகப்பன் நிற்க!

மனுசி குவைத்துக்கு வேலைக்குப் போகும்போது நிரப்பிய படிவத்திலும் பிள்ளையைப் பார்ப்பவர் என்று மாமியின் பெயரைத்தான் போட்டார்கள்.

ஜனவரி 11
காய்ச்சல் விட்டதென்று எல்லோருக்கும் சந்தோசம். எனக்கில்லை. காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் பயம், ரத்தக்குழாயால் நீர் கசியும் என்றார் டொக்டர். குடித்தது எவ்வளவு, சலம் போனது எவ்வளவு என்று தாளில் குறிக்க வேண்டும். மாமிக்குக் கண் தெரியாது. பக்கத்துக் கட்டில் தாய், ஓட்டமாவடி ஆள், தாளை வாங்கித் தானே எழுதுகிறாவாம், மாமிக்கு ரொட்டியும் கொடுத்தாவாம். அல்லாஹ் அவவின் பிள்ளையையும் சுகமாக்கட்டும்.

கேற்றடியில் நிற்கிற என்னிடம் வருவது ஒரே கேள்வி, மனுசிய ஏன் அனுப்பினாய்?

ஜனவரி 12
ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் 64 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது.

இரவு
பன்னிரண்டரைக்கு மனுசி போன் எடுத்தாள், அங்கே பத்து மணி, அப்போதுதான் போன் கையில் கிடைக்கும். அழுதாள். அவள் பார்ப்பது வேறொரு வீட்டுப் பிள்ளைகளை. பிள்ளைக்கு 2 வயது முடியாமல் தாயை வெளிநாட்டு வீட்டு வேலைக்கு விடமாட்டார்கள், 2022க்கு முன்னம் அது 5 வயது. சட்டப்படி போனவளை ஊர் பிள்ளையை விட்டுட்டுப் போனவள் என்கிறது, என்னை ஆம்பிளையாயிருந்தும் பார்க்கிறான் என்று புகழ்கிறது. அந்தப் புகழ் எனக்கு வேண்டாம். நான் மனுசி வளவுக்கு வந்த ஆள், மச்சாள்மாரின் வீடுகள் வரிசையாக இருக்கின்றன, சோறு வரும், குறையில்லை. ஆனால் பின்னேரம் முற்றத்தில் அவர்கள் பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கும்போது நான் போய் இருக்க ஏலாதே. சளிக்கு என்ன கொடுப்பது, எப்ப பயப்படுவது, எல்லாம் அங்கேதான் கைமாறுகிறது.

ஜனவரி 13
பிளேட்லெட் ஏறுது. ஜீவனி, அந்த உப்புச் சீனிக் கரைசல், குடிக்கிறான்.

மாமிக்குக் கால் வீங்கிவிட்டது. இரவைக்கு ஆர் நிற்பது? சின்ன மச்சாளுக்குக் கைப்பிள்ளை. வாழைச்சேனையில் இருக்கிற தங்கச்சிக்குப் போன் எடுத்துப் பார்க்க வேணும்.