656.28: ஒரு சிவப்பு வரிக்குப் போட்ட கணக்கு

சென்னைக் கல்லூரி ஒன்றில் முதுநிலை இயற்பியல் படித்தபோது, ஹைட்ரஜன் மின்னிறக்கக் குழாயின் ஒளியை, நெருக்கமான கோடுகள் கீறிய கீற்றணி (grating) வழியே நிறங்களாகப் பிரித்து, பாமர் (Balmer) வரிசை எனப்படும் கண்ணுக்குத் தெரியும் ஒளிவரிகளின் அலைநீளங்களை அளந்து, கணக்கிட்ட மதிப்புகளோடு ஒப்பிட வேண்டியிருந்தது. அளவீடு ஒரே மாலையில் முடிந்துவிட்டது. கணக்குதான் இரண்டு வாரம் எடுத்தது.

இயற்பியலாளர் நீல்ஸ் போர் (Bohr) 1913இல் தந்த சூத்திரப்படி, −13.6 எலக்ட்ரான் வோல்ட்டை, எலக்ட்ரான் இருக்கும் ஆற்றல் மட்டத்தின் எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த மட்டத்தின் ஆற்றல் கிடைக்கும். இரண்டாம் மட்டம் −3.4, மூன்றாம் மட்டம் −1.5111, வேறுபாடு 1.8889; எலக்ட்ரான் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது சிவப்பு ஒளியாக வெளிவரும் ஆற்றல் இதுதான். ஆற்றலை நானோமீட்டரில் அலைநீளமாக மாற்ற உதவும் 1240 என்ற எண்ணை இதைக்கொண்டு வகுத்ததில் சிவப்பு வரிக்கு 656.47 நானோமீட்டர் வந்தது. அட்டவணையிலோ 656.28 என்றிருந்தது. தோராய எண்களால் வந்த பிழை என்று கருதி, 13.6057, 1239.84 என்று துல்லியமாக எடுத்துக்கொண்டேன், விடை 656.11 ஆகி மறுபக்கம் விலகியது. மில்லிமீட்டருக்கு 600 கோடுகள் கொண்ட எங்கள் கீற்றணியில், கோண அளவீட்டின் ஒரு நிமிடமே (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஏறத்தாழ 0.45 நானோமீட்டருக்குச் சமம் என்பதால், எது சரி என்று சோதனையைக் கேட்கவும் வழியில்லை.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான், அணுக்கரு அசையாமல் நிற்பதாக நான் வைத்துக்கொண்டது புரிந்தது. புரோட்டானின் நிறை எலக்ட்ரானைப் போல் 1836 மடங்குதான். ஆகவே இரண்டும் பொதுவான நிறை மையத்தைச் சுற்றுகின்றன. அதைச் சேர்த்தால் 13.6057 என்பது 13.598 ஆகக் குறைந்து, அலைநீளம் மீண்டும் 656.47 ஆகிறது. முதலில் கிடைத்த அதே எண்! இரண்டு தோராயங்கள் தற்செயலாகக் கூடி அன்று அதைத் தந்திருந்தன; இயற்பியல் அதில் இல்லை.

மீதமிருந்த 0.19க்குப் பேராசிரியர் ஒரே கேள்வி கேட்டார்: "அட்டவணையில் இருப்பது வெற்றிடத்து மதிப்பா, காற்றில் அளந்ததா, பார்த்தாயாம்மா?" நான் பார்க்கவில்லை. அது காற்றில் அளந்தது, என் கணக்கோ வெற்றிடத்துக்கானது. என் விடையைக் காற்றின் ஒளிவிலகல் எண்ணான 1.00028ஆல் வகுத்தேன், 656.29 வந்தது.

எஞ்சிய 0.01 நானோமீட்டருக்குச் சார்பியலையும் எலக்ட்ரானின் தற்சுழற்சியையும் சேர்க்க வேண்டும். அவை அந்த வரியையே நெருக்கமான பல வரிகளாகப் பிரிக்கின்றன. ரெக்கார்டு நோட்டில் மூன்று விடைகளையும் அடிக்காமல் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எது விடுபட்டது என்று குறித்துக் கொடுத்தேன்.