வாலார்களின் கை எதுவரை நீளும்?

ஃபேன்டசி கதைகளில் கடவுள் வந்தாலே எனக்குக் கொஞ்சம் சலிப்பு தட்டும். பெரும்பாலும் அவர் மனிதனைவிடப் பெரிய பயில்வான், அவ்வளவுதான், கடைசியில் நாயகன் இன்னும் பெரிய வாளோடு வந்து கணக்கைத் தீர்த்துவிடுவான். டோல்கீனின் கதையுலகில் கடவுள் இடத்தில் இருக்கும் வாலார்கள் அந்த ரகம் இல்லை. மலைகளையும் கடல்களையும் வனைந்தவர்கள், ஆனால் மனிதனின் சாவு மட்டும் அவர்களையும் படைத்த முழுமுதற் கடவுள் இலூவதார் நேரடியாகக் கொடுத்தது என்பதால் அதைத் தொட அவர்களுக்கு அதிகாரமே கிடையாது.

மனிதர்களின் தீவு ராஜ்ஜியமான நூமெனோரின் 25ஆவது மன்னன் அர்-ஃபராசோனுக்கு இது மண்டையில் ஏறவில்லை. வயதாகிறது, சாவு பயம் வேறு, பக்கத்தில் காதில் ஓத தீயசக்தி சௌரான் இருக்கிறான், கேட்க வேண்டுமா? சாகாவரத்தைப் பிடுங்கிக்கொண்டு வரலாம் என்று இரண்டாம் யுகம் 3319இல் படையோடு வாலார்கள் வாழும் வாலினோரில் போய் இறங்குகிறான். அந்த மண் யாரையும் சாகாதவராக்காது, மனிதன் அங்கே போனால் சீக்கிரமே வாடிப்போவான் என்று அவன் முன்னோருக்கே வாலார்களின் தூதர்கள் சொல்லியாயிற்று. இப்போது வாலார்களின் தலைவர் மான்வே என்ன செய்கிறார்? போருக்கு வரவில்லை. உலகை ஆளும் பொறுப்பையே இறக்கிவைத்துவிட்டு இலூவதாரை அழைக்கிறார், கிட்டத்தட்ட ஃபைலை மேலிடத்துக்கு அனுப்பிவிடும் அதிகாரி மாதிரி. அப்புறம் கடல் பிளந்தது, தீவு மூழ்கியது, உலகமே உருண்டையானது. அர்-ஃபராசோனின் அரசி மிரியல் மலையுச்சிக்கு ஓடியும் அலை விடவில்லை. அவளும் ஊரிலிருந்த குழந்தைகளும் என்ன பாவம் செய்தார்கள்? இந்த இடம் எத்தனை முறை படித்தாலும் எனக்கு உறுத்துகிறது.

எனக்குப் பிடித்தது, இதற்கு முந்தைய யுகத்தில் வாழ்ந்த மனித வீரன் ஹூரின் வரும் கட்டம்தான். வாலார்களிலேயே வலிமையானவனாக இருந்து கெட்டுப்போன மார்கோத், சிறைப்பட்ட ஹூரினிடம் தன் பெருமையை அளக்கிறான், உன் குடும்பத்தை எங்கே போனாலும் விடமாட்டேன் என்கிறான். சங்கிலியில் நிற்கிற ஹூரின், உலகத்தின் எல்லையைத் தாண்டிப் போனவர்களை உன்னால் துரத்த முடியாது என்று திருப்பிக் கொடுக்கிறான். சாவைச் சாபம் என்று அலறிய நூமெனோர்க்காரர்கள் எங்கே, அதையே தப்பிக்கும் வழியாகக் காட்டும் இவன் எங்கே! மார்கோத்தால் சொல்ல முடிந்ததெல்லாம், அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்பதுதான்.

ஆத்திரத்தில் அவனைக் கல் நாற்காலியில் கட்டிப்போட்டு, 28 வருடம் பிள்ளைகளின் அழிவைப் பார்க்க வைத்தான். எல்ஃப்களின் மறைவு நகரமான கோண்டோலின் எங்கே இருக்கிறது என்பது மட்டும் சித்திரவதையில் ஹூரின் வாயிலிருந்து வரவில்லை. விடுதலையான பிறகு மலையடிவாரத்தில் நின்று அந்த நகரத்து மன்னன் டுர்கோனைக் கூப்பிட்டுக் கத்தியதை மார்கோத்தின் ஒற்றர்கள் கேட்டுவிட்டார்கள், அது தனிக்கதை.